பட்டனுக்கு முன் பாரம்: மலையேறும் பிக்கப்புகளுக்கு ஆல்-டெரைன் டயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாள்களில் சேந்தமங்கலம், நாமக்கல், இராசிபுரம் பகுதி டயர் கடைகளில் பிக்கப் வண்டிக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கொல்லிமலைக்குப் போய்வரும் வண்டிக்குத் தார், மண்தடம் இரண்டுக்குமான ஆல்-டெரைன் டயர் போடலாமா, போடுவதானால் எதைப் போடலாம் என்பதே அது. தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்திலும் இவ்வகை டயர்களைப் பற்றிய குறிப்புகள் அவ்வப்போது வருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் விடுமுறை நாளில் மலைக்குச் செல்லும் சொந்த ஜீப்காரரை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. மிளகு மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்காரருக்கு வேண்டிய செய்தி அவற்றில் குறைவு. பாரவண்டி வைத்து அதே மலைப்பாதையில் நெடுங்காலம் தொழில் செய்துவருபவன் என்ற முறையில், அந்தக் குறையை ஓரளவேனும் தீர்க்கலாம் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிக்கப்புக்குக் கிடைக்கும் டயர்களில் மூன்று வகை உண்டு. தரையைத் தொடும் ரப்பர் மேடுகளான பட்டன்கள் நெருக்கமாக அமைந்து, நீளவாக்கில் நேரான பள்ளங்கள் ஓடும் நெடுஞ்சாலை டயர் ஒன்று. பெரிய பட்டன்கள் அகன்ற இடைவெளியோடு நிற்கும் சேற்று டயர் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, பட்டன்கள் ஓரத்தில் திறந்தும் நடுவில் ஓரளவு நெருங்கியும், ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்களோடும் இருப்பது ஆல்-டெரைன். அகன்ற இடைவெளி சேற்றை வெளியே தள்ளும். கீறல்கள் ஈரத் தரையில் விரிந்து பிடிக்கும். சரளையில் பட்டன் பிய்ந்து போகாமல் இருக்க ரப்பர் சற்றுக் கடினமாகச் சேர்க்கப்படும். இவ்வளவும் கடைக்காரர்கள் சொல்வதுதான், அதில் பிழையில்லை. அமெரிக்காவில் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் இலகு ரகச் சரக்கு வண்டிகளுக்கு முதல் ஆல்-டெரைன் ரேடியல் டயரை 1976-இல் கொண்டுவந்தது. அந்நாட்டில் பிக்கப் என்பது பெரும்பாலும் குடும்ப வண்டியாகவும் ஓடுவது. அதன் பின்தொட்டி பல நாள்கள் காலியாகவே இருக்கும். அத்தகைய வண்டிக்குப் பட்டன் அமைப்பைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. நம் ஊர்ப் பிக்கப்பின் நிலை அதுவன்று.

கொல்லிமலை வண்டியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் உள்ள சோளக்காட்டுக்கு ஏறும் வண்டி பெரும்பாலும் காலியாகவோ, மளிகையும் உரமும் போன்ற குறைந்த பாரத்தோடோ ஏறுகிறது. மேலே போனபின் தார்ச்சாலையை விட்டு விலகி, ஏதோ ஒரு தோட்டத்தின் செம்மண் தடத்தில் இறங்கிச் சரக்கை ஏற்றிக்கொள்கிறது. பிறகு முழுப் பாரத்தோடு அதே 70 வளைவுகளில் கீழே வருகிறது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் பிக்கப்பில், தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடையற்று நிற்பதால், ஈரச் செம்மண் ஏற்றத்தில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கினால் எஞ்சினின் வேகமெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகிறது. இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல் அடுத்த சக்கரத்துக்கு வேண்டிய இழுவையைத் தருவதில்லை. ஆல்-டெரைன் டயரின் தேவையை வண்டிக்காரர் உணரும் இடம் இதுதான். பாரம் ஏறிய பிறகு அதே தடத்தில் அதே வண்டி சாதாரண டயரிலேயே ஓரளவு பிடித்து வெளியே வந்துவிடுவதை நம் ஓட்டுநர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆக, ஏறும்போது வண்டிக்கு வேண்டியது பட்டனின் பிடிப்பு. இறங்கும்போது வேண்டியது பாரத்தைத் தாங்கும் உடலும், நனைந்த தாரில் நிற்கும் திறனும். ஒரே டயர் ஒரே நாளில் இவ்விரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. முதலாவதில் தவறினால் டிராக்டர் கொண்டு இழுக்க வைக்கலாம், அரை நாள் வாடகை போகும். இரண்டாவதில் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எனவே இறக்கத்துக்கு உரிய தகுதிகளை முதலில் பார்த்துவிட்டு, அவற்றில் தேறிய டயர்களுக்குள் பட்டனைப் பார்த்துத் தேர்வதே முறை என்று நான் கருதுகிறேன். கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு.

முதலாவது, பாரக் குறியீடு. டயரின் பக்கச்சுவரில் 215/75 ஆர் 15 என்பது போல அளவு அச்சிடப்பட்டிருக்கும். அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரேடியல் கட்டமைப்பு, 15 அங்குல ரிம் என்று அதற்குப் பொருள். இவ்வளவைப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர். அளவை அடுத்துச் சிறிய எழுத்தில் ஒரு எண்ணும் ஆங்கில எழுத்தும் நிற்கும். அதைப் படிப்பவர்கள் சிலரே. எழுத்து வேகத்தைக் குறிக்கும். கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. மலைப்பாதை வண்டிக்கு அது பொருட்டன்று. எண்தான் பொருட்டு. 100 என்று இருந்தால் அந்த டயர் தாங்கும் உச்ச எடை 800 கிலோ. 104 என்றால் 900. 108 என்றால் 1,000. 110 என்றால் 1,060. 112 என்றால் 1,120 கிலோ. சில டயர்களில் 110/108 என்று சாய்கோட்டோடு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு உரியது, இரண்டாவது இரட்டைச் சக்கரம் பூட்டும் அச்சுக்கு உரியது. நம் பிக்கப்புக்கு முதல் எண்ணே கணக்கு.

இப்போது ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரத்தோடு கூடிய மொத்த எடை 3 டன் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் வண்டியின் எடையை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். முழுப் பாரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின்மேல் விழுவதாகக் கொண்டால், பின்சக்கரம் ஒவ்வொன்றும் 1,000 கிலோ சுமக்கிறது. அந்த இடத்தில் 100 என்ற குறியீடுள்ள டயரைப் பூட்டினால், இரண்டு டயரும் சேர்ந்து 1,600 கிலோவுக்குத்தான் பொறுப்பேற்கின்றன. அச்சில் இருப்பதோ 2,000 கிலோ. சட்டப்படியான பாரத்துக்கே 400 கிலோ குறைகிறது. அதற்குமேல் நம்மவர்கள் ஏற்றும் ஓவர்லோடு வேறு. அளவு பொருந்துகிறது, ரிம்மில் அழகாக உட்கார்கிறது, பட்டனும் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு பூட்டிக்கொள்ளும் டயர், பயணிகள் ஜீப்புக்காகச் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதை இந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும். கடைகளில் அடுக்கியிருக்கும் ஆல்-டெரைன் டயர்களில் பெரும்பகுதி எஸ்.யூ.வி. வண்டிகளுக்காக வந்தவையே. ஆகவே வாங்குபவர் தாமே குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட வேண்டும். வண்டியோடு வந்த டயரில் என்ன குறியீடு இருந்ததோ, அதற்குக் குறையாமல் புது டயரிலும் இருக்க வேண்டும் என்பது எளிய விதி.

பாரக் குறியீட்டோடு பிரிக்க முடியாதது காற்றின் அளவு. பாரவண்டிக்கான டயர்களின் வலிமையை நாம் இன்னும் 6 பி.ஆர்., 8 பி.ஆர்., 10 பி.ஆர். என்று சொல்கிறோம் (பி.ஆர். என்பது பிளை ரேட்டிங், அடுக்கு மதிப்பீடு). அமெரிக்க முறையில் அவற்றுக்கு சி, டி, இ என்று பெயர். இலகு ரக லாரி டயர்களில் அவற்றின் உச்சப் பாரத்துக்கு முறையே 50, 65, 80 பவுண்டு காற்று வேண்டும். இங்கே எண்ணிக்கை அத்தனை துணி அடுக்குகள் உள்ளே இருப்பதைக் குறிப்பதில்லை. பழைய டயர்களின் வலிமையோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவுதான் அது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், குறியீடு சொல்லும் எடையை டயர் தாங்குவது அதற்கு உரிய காற்று உள்ளே இருக்கும்போது மட்டுமே. 65 பவுண்டில் முழுப் பாரத்தைத் தாங்கும்படி செய்த டயரை வாங்கிப் பூட்டிவிட்டு, பழைய வழக்கப்படி 35 பவுண்டு வைத்து ஓட்டினால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வலிமையில் பெரும்பகுதி வீணாகிறது. காலியாக ஏறும்போது அவ்வளவு காற்று வைத்தால் வண்டி தூக்கிப் போடுகிறது, சேற்றில் பிடிப்பும் குறைகிறது என்பது உண்மைதான். அதற்காகக் காற்றைக் குறைத்து ஏறுபவர்கள், மேலே சரக்கு ஏற்றியபின் மறுபடியும் காற்றுப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தோட்டத்தில் காற்றுப் பிடிக்கும் கடை கிடையாது. பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப்பும் ஒரு காற்று மீட்டரும் வண்டியில் வைத்திருக்காதவர் காற்றைக் குறைக்கவே கூடாது.

காற்றுக் குறைவும் பாரமும் சூடும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரிட்ஜ்ஸ்டோன்-ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் வில்டர்னெஸ் ஏ.டி. என்ற ஆல்-டெரைன் டயர்களும் இருந்தன. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்த அந்த டயர்களின் மேல்பகுதி, ஓடும்போதே உள்வளையத்தைவிட்டு உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்ட இறப்புகள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயரின் தயாரிப்பில் குறையா, வண்டியின் அமைப்பில் குறையா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அந்த வழக்காடலில் அடிக்கடி பேசப்பட்ட செய்தி, வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த காற்று 26 பவுண்டு என்பதாகும். டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது. வெறும் 4 பவுண்டு வேறுபாட்டுக்காக இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்ட கதை அது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடு ஏறுகிறது. பட்டன் தடிப்பாக இருக்கும் டயரில் அந்தச் சூடு வெளியேற நேரமாகிறது. கொல்லிமலை இறக்கத்தில் வேகம் குறைவு என்றாலும், பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்குள் இறங்குகிறது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். நான் அந்தப் பாதையில் ரீபட்டன் போட்ட டயரை, அதாவது தேய்ந்த டயரின்மேல் புதுப் பட்டன் ஒட்டியதை, விரும்பாததற்கும் இதுவே காரணம். சமவெளியில், நல்ல உடல் உள்ள லாரி டயருக்கு ரீபட்டன் போடுவதை நான் குறை சொல்லவில்லை; லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஈரத் தார். மழையில் நனைந்த வளைவில் நிறுத்தும் திறன், தரையைத் தொடும் ரப்பரின் பரப்பையும் அந்த ரப்பரின் தன்மையையும் பொறுத்தது. ஆல்-டெரைன் டயரில் இடைவெளி மிகுதி என்பதால் தொடும் பரப்பு குறைவு; சரளைக்காகக் கடினப்படுத்திய ரப்பர் நனைந்த வழுவழுப்பான தாரில் மென்ரப்பர் அளவுக்குப் பிடிப்பதில்லை. தேங்கிய நீரை வெளியேற்றுவதில் அகன்ற பள்ளங்கள் உதவும் என்பது மெய்யே. ஆனால் அது நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பயன்படும் குணம். 20 கிலோமீட்டர் வேகத்தில் பாசி படிந்த வளைவில் திரும்பும் வண்டிக்கு அதனால் பெரிய உதவி இல்லை. இதில் எல்லா ஆல்-டெரைன் டயர்களும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடுப்பகுதிப் பட்டன்கள் நெருங்கி, கீறல்கள் அடர்ந்திருக்கும் டயர் தாரில் நன்றாக நிற்கிறது. பார்ப்பதற்குச் சேற்று டயர் போலவே முரடாக இருப்பது, சாய்ந்த இறக்கத்தில் மனத்தை உறுத்துகிறது. முரட்டுத் தோற்றத்துக்காகப் பணம் கொடுக்கும் இளைஞர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

2022-இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கார், இலகு ரகச் சரக்கு வாகனம், லாரி மற்றும் பேருந்து ஆகிய மூன்று பிரிவு டயர்களுக்கும் உருளும் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றில் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலையைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் அந்த அளவீடுகள் தொழிற்சாலைக்கும் சோதனைக்கூடத்துக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றன. கடையில் நிற்கும் வண்டிக்காரர் இரண்டு டயர்களில் எது ஈரத்தில் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பக்கச்சுவரில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று அச்சிட்டிருப்பதைச் சிலர் காட்டுவார்கள். அது பட்டனின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்ளும் குறி. எந்தப் பிடிப்புச் சோதனையிலும் தேறியதற்கான சான்று அன்று.

இனி, நம் மலை வண்டிகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கும் மாற்றினால் செலவு கூடும் என்று பின்னால் மட்டும் இரண்டு ஆல்-டெரைன் பூட்டி, தேய்ந்துபோன பழைய நெடுஞ்சாலை டயர்களை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். இழுப்பது பின்சக்கரம்தானே என்பது அவர்கள் சொல்லும் நியாயம். ஏற்றத்துக்கு அந்த நியாயம் சரி. இறக்கத்திலோ வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பிரேக்கின் பெரும்பங்கையும் திரும்புவதன் முழுப் பொறுப்பையும் முன் டயர்களே ஏற்கின்றன. அங்கே மொட்டை டயர் இருந்தால், ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இதற்கு எதிரான தவறும் உண்டு. முன்னால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் புது நெடுஞ்சாலை டயரும், பின்னால் முரட்டு ஆல்-டெரைனும் இருந்து, தொட்டி காலியாக இறங்கும்போது வளைவில் பிரேக் மிதித்தால், பின்பக்கம் வெளியே வீசும். இரண்டுமே வேண்டாதவை என்பதால், நான்கு டயர்களும் ஒரே வகையாகவும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்தோடும் இருப்பதே நல்லது. நான்கும் வாங்கப் பணம் இல்லாதவர் நான்கும் நல்ல நெடுஞ்சாலை டயராக வைத்துக்கொண்டு, தோட்டத் தடத்துக்குச் சங்கிலியோ பலகையோ எடுத்துப் போவது, இரண்டு மட்டும் ஆல்-டெரைன் போடுவதைவிட மேலானது என்பது என் கருத்து. சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் போதும் என்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் 70 வளைவு இறங்கும் வண்டிக்கு அந்த எல்லைவரை காத்திருப்பது வீண் சிக்கனம்.

ஸ்டெப்னியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. நான்கு ஆல்-டெரைனுக்கு ஐந்தாவதாக வேறு அளவில் ஒரு பழைய டயர் தொங்கினால், பஞ்சரான நேரத்தில் பின் அச்சின் இரு பக்கமும் வெவ்வேறு விட்டத்தில் சுழன்று டிஃபரன்ஷியலுக்கு வேலை வைக்கும்.

அளவை ஒரு படி உயர்த்திப் போடுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் கணக்குப்படி 703.5 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 235/75 போட்டால் விட்டம் 733.5 ஆகிறது, அதாவது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுகிறது. தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 15 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்காகக் கொடுக்கும் விலை பெரிது. ஒவ்வொரு கியரும் அதே விகிதத்தில் நீண்டுவிடுவதால், முதல் கியரில் ஏற வேண்டிய வளைவில் எஞ்சின் திணறி கிளட்ச் தேய்கிறது; பிரேக் அதே சக்கரத்தை நிறுத்த முன்பைவிடக் கூடுதலாக உழைக்கிறது; ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.6-இல் ஓடுகிறது. முழுப் பாரத்தில் சக்கரம் மட்கார்டில் உரசுவதும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று சொல்கிறது, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போதும் விபத்துக் காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் இது கேள்வியாக எழலாம். சரக்கு வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவே போதும்.

விலை, கிடைப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜூன் மாதம் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டபின், வெளிநாட்டு ஆல்-டெரைன் டயர்கள் நம் ஊர்க் கடைகளில் குறைந்தன. அதில் பெரிய நட்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும், அப்போலோ ஒரகடத்திலும், மிச்சலின் தேர்வாய்கண்டிகையிலும் ஆலை நடத்தும் மாநிலத்தில், பாரவண்டிக்கு ஏற்ற டயர் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வண்டிக்காரருக்கு உதவியே. ஆனால் சிறு ஊர்களில் ஆல்-டெரைன் டயர் மெதுவாகவே விற்கும் சரக்கு என்பதால், கடையில் நீண்ட நாள் கிடந்த டயர் நம் தலையில் விழ வாய்ப்பு உண்டு. பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் அடுக்கி வைத்துப் பட்டன் கெட்டிப்பட்ட பழைய டயரை, தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் மலை வண்டிக்கு வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, யார் ஆல்-டெரைன் போட வேண்டும் என்று கேட்டால், என் பதில் குறுகியதே. தார் எட்டாத குக்கிராமங்களுக்கும் தோட்டத்தின் உள்தடங்களுக்கும் மழைநாளிலும் அன்றாடம் போய்த் தீர வேண்டிய வண்டிக்கு அது வேண்டும். உரிய பாரக் குறியீட்டோடு நான்கும் போட வேண்டும். சோளக்காட்டுச் சந்தையில் சரக்கு ஏற்றி, தார்ச்சாலையிலேயே இறங்கி, நாமக்கல், சேலம் என்று ஓடும் வண்டிக்கு அது வேண்டியதில்லை. டீசல் செலவு கூடும், ஓசை கூடும், தாரில் தேய்மானம் விரையும். பதிலுக்குக் கிடைப்பது மாதத்தில் ஒருமுறை சேற்றில் சிக்காமல் வரும் வசதி மட்டுமே. நம் மலை வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்றே எண்ணுகிறேன். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் வண்டிக்காரர்களும், நீலகிரியில் காய்கறி ஏற்றுபவர்களும் தம் பாதைக்கு ஏற்ப வேறு முடிவுக்கு வரலாம்; அங்கும் பாரக் குறியீட்டில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

டயர் விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்போது பில்லில் நிறுவனத்தின் பெயரும் அளவும் விலையும் மட்டுமே எழுதப்படுகின்றன. பாரக் குறியீடு, பி.ஆர்., தயாரித்த வாரம், அந்த வண்டியின் முழுப் பாரத்துக்கு வைக்க வேண்டிய காற்று ஆகியவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தால், ஓட்டுநர் மாறினாலும் செய்தி வண்டியோடு இருக்கும். போக்குவரத்துத் துறை இதை எஃப்.சி. சோதனையின்போது கேட்கும் விவரங்களில் ஒன்றாகச் சேர்ப்பது பற்றி எண்ணிப் பார்க்கலாம். பட்டன் ஆழத்தைப் பார்க்கும் ஆய்வாளர், அதே டயரில் ஒரு சாண் தள்ளி அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்ப்பதற்குக் கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் இனி டயர்களை ஒப்பிட்டு எழுதும்போது, விலைக்கு அடுத்த பத்தியில் பாரக் குறியீட்டையும் அச்சிடுமாறும், சரக்கு வண்டிக்கு உரியவற்றைப் பயணிகள் வண்டிக்கு உரியவற்றோடு கலக்காமல் தனியே தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.